சவேரியார்பட்டி டென்னிஸும் யூதன் வெடியும்

21.4.2019 – ரூ. 2,150
12.4.2020 – இல்லை
4.4.2021 – ரூ. 900
17.4.2022 – ரூ. 3,400
9.4.2023 – ரூ. 4,100
31.3.2024 – ரூ. 5,600
20.4.2025 – இல்லை

அச்சங்குளத்துக்கு அடுத்த சவேரியார்பட்டியில், ஈஸ்டரான உயிர்ப்பு ஞாயிறுதோறும் யூதன் வெடிக்காக ஊர் வசூலித்துச் செலவழித்த தொகை இது. 2020-இல் ஊரடங்கு. 2025-இல் ஊரடங்கும் இல்லை, மழையும் இல்லை. டென்னிஸ் என்ற ஒரு மனிதனின் பயம்தான் காரணம்.

யூதன் வெடி என்பது வைக்கோலில் கட்டிய ஆள் உயரப் பொம்மை. கறுப்பு அங்கி, அட்டையில் வெட்டிய நீண்ட மூக்கு, இடுப்பில் ஒரு காசுப்பை. காசுக்காக ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த சீடனுக்காகத் தொடங்கிய வழக்கம் என்பார்கள். ஆனால் பொம்மைக்கு அந்த ஒருவனின் பெயரை யாரும் சொன்னதில்லை. பால்குடிப் பிள்ளைக்குக்கூட அது யூதன்தான். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் நிறுத்தித் திரி வைப்பார்கள். குதிகாலில் தொடங்கித் தலைவரை படிப்படியாக வெடிக்க வேண்டும். தலை கடைசியில் பறக்க வேண்டும். அப்படி வெடிமருந்து அடைக்கத் தெரிந்த கை அந்த ஊரில் டென்னிஸ் கை ஒன்றுதான்.

டென்னிஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. பயந்த சுபாவம். அதைப் பற்றி அவனுக்கு வெட்கமும் இல்லை. "மருந்துல பயமில்லாதவன் பக்கத்துல நான் உக்கார மாட்டேன்" என்பான். அவன் வேலை செய்யும் அறைக்கு எதிரெதிரே வாசல்கள். எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. சத்தம் கேட்டால் ஒன்றும் யோசிக்கக் கூடாது, வெட்டவெளிக்கு ஓட வேண்டும். அறைக்குள் நின்றவன் செத்தான். இந்தப் பாடத்தை மகள் பெர்சிஸுக்கு அவள் நடை பழகிய நாளிலேயே சொல்லிக்கொடுத்திருந்தான். வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூடப் பிள்ளை வாசலைப் பார்த்து ஓடும்.

அவனுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. குரல் கணீரென்று இருப்பதால், ஆண்டவர் மரித்த பெரிய வெள்ளியன்று கோயிலில் மன்றாட்டுகள் வாசிப்பவன் அவன்தான். அவற்றில் ஒன்று, கடவுள் முதன்முதலில் பேசிய யூத மக்களுக்கானது. வெள்ளிக்கிழமை அதை வாசிப்பான், ஞாயிற்றுக்கிழமை திரி வைப்பான். இரண்டையும் சேர்த்து அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஊரும் நினைத்ததில்லை.

பெர்சிஸ் செவிலியர் படித்துவிட்டு 2022 சனவரியில் இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக்குப் போனாள். மிரியம் என்ற யூத மூதாட்டியின் வீட்டிலேயே தங்கிக் கவனித்துக்கொள்ளும் வேலை. மிரியம் தொண்ணூறை நெருங்கியவள், நடை கிடையாது, சக்கர நாற்காலிதான். அந்த வீட்டில் கெட்டிச் சுவரும் இரும்புக் கதவுமாக ஓர் அறை உண்டு. சைரன் ஊதினால் அதற்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். 2023 அக்டோபரில் சண்டை தொடங்கியபின், மகளின் உயிர் அந்த அறையில்தான் இருக்கிறது என்று டென்னிஸின் புத்திக்குத் தெரியும். உடம்புக்குத்தான் தெரியவில்லை. தாழிட்ட அறை என்று நினைத்தாலே அவனுக்கு வேர்த்து ஊற்றியது.

2024 உயிர்ப்பு ஞாயிறன்று யூதன் என்றைக்குமில்லாத அழகாக வெடித்தான். மகள் பார்க்கட்டும் என்று டென்னிஸ் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினான். மறுநாள் பெர்சிஸ் அழைத்தாள்.

"அப்பா, நீங்க அனுப்பின வீடியோவ அவுகளும் பாத்துட்டாக."

"பாத்தா என்ன தாயி? தல எம்புட்டு ஒசரம் போச்சு, பாத்தியா?"

"இது யாருன்னு கேட்டாக. யோசிக்காம யூதன்னு சொல்லிட்டேம்ப்பா. கஞ்சி வச்சுக் குடுத்தேன், தொடல. ரூமுக்குள்ள போயித் தாப்பாள் போட்டுக்கிட்டாக. நான் தட்டினாலும் தெறக்கல. அவுகளுக்கு என்னையக் கண்டு பயமா இருக்குப்பா."

டென்னிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தான். வேலையை விட்டு அனுப்பினால் விசா போகும். விசா போவதற்கு முன்னால் அந்த அறை போகும். வெளியே ராக்கெட் விழுகிற ஊரில் மகள் பெட்டியோடு தெருவில் நிற்பாள். தன் கையால் அடைத்த வெடி கடல் தாண்டிப் போய் அவளுடைய கூரையைப் பிரித்துவிட்டது.

மறுநாள் மிரியம் கதவைத் திறந்தாள். பெர்சிஸை உட்காரவைத்துச் சொன்னாள். அவள் பிறந்தது போலந்தில் ஒரு சின்ன ஊர். பெரிய வெள்ளி வந்தால் யூத வீடுகளில் பகலிலேயே கதவடைத்துவிடுவார்கள். கோயிலிலிருந்து வரும் கூட்டத்தில் சிலர் கையில் கல் இருக்கும். அங்கேயும் ஒரு வைக்கோல் பொம்மையைத் தெருத்தெருவாக இழுத்து அடித்துக் கொளுத்துவார்கள். என்ன சத்தம் என்று அவளுடைய அண்ணன் ஒருமுறை எட்டிப் பார்த்தான், அதோடு அவனுக்கு ஒரு கண் போயிற்று. பிறகு பெரிய யுத்தம் வந்தது. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். இன்றைக்கும் பெரிய வெள்ளியன்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். பெர்சிஸைப் போகச் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

டென்னிஸ் பங்குச் சாமியார் அருளானந்தத்திடம் போனான்.

"சாமி, யூதங்கதான ஆண்டவரக் கொன்னது?"

"ஆண்டவர் யாரு டென்னிஸ்? மாதா யாரு? பன்னெண்டு சீடரும் யாரு? எல்லாரும் யூதங்கதான். அன்னைக்கு இருந்த எல்லா யூதர் மேலயும், இன்னைக்கு இருக்கிறவுக மேலயும் அந்தப் பழியப் போடக் கூடாதுன்னு 1965-லயே ரோம்ல பிஷப்மாரு சங்கம் கூடிச் சொல்லியாச்சு. நம்ம பாவத்துக்காகத்தான் அவர் செத்தாருன்னு ஞானோபதேசத்துல படிக்கல?"

"படிச்சேன் சாமி."

"வெள்ளிக்கெழம அவுகளுக்காக மன்றாட்டு வாசிக்கிறது நீங்கதான?"

"நான்தான் சாமி."

"ஞாயித்துக்கெழம?"

டென்னிஸ் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

2024 நவம்பர் 24, கிறிஸ்து அரசர் திருநாள். பூசை முடிந்து வந்து மகளோடு பேசிக்கொண்டிருந்தான். பேச்சின் நடுவே சைரன் ஊதியது. நாற்காலியை உருட்டும் சத்தமும் இரும்புக் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. அடுத்து ஒரு வெடி. முப்பது வருடம் வெடிச் சத்தத்தில் பழகிய காது அது. வானத்தில் வெடித்ததா, தரையில் விழுந்ததா என்று அவனுக்குத் தெரியும். இது தரையில் விழுந்தது. புத்தி பேசுவதற்குள் உடம்பு பேசிவிட்டது.

"ஓடு! கதவத் தெற! உள்ள நிக்காதட்டி, வெளிய ஓடு!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு கிழவியின் அலறல் கேட்டது. பிறகு அதைவிடப் பெரிய வெடி. அதன்பின் போனில் ஒன்றும் இல்லை.

டென்னிஸ் போனைப் பிடித்தபடி நின்றான். என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது. மனைவி ஸ்டெல்லா, "என்னங்க, யாரு கத்துனது?" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "நான்தான்" என்றான். உலையில் சோறு குழைந்து கூழாகியது. இருவரும் அந்தப் போனைப் பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் அது ஒலித்தது.

"இருக்கேம்ப்பா" என்றாள் பெர்சிஸ். "நீங்க கத்தினதும் கதவத் தெறந்துட்டேன். அவுக பின்னால இருந்து என் சட்டையப் புடிச்சுத் தொங்கிட்டாக. நாக்காலியில இருந்து கீழ விழுந்தும் விடலப்பா. தாண்டிப் போக முடியாமத்தான் கதவத் திரும்பச் சாத்தினேன். அடுத்த நிமிசம் விழுந்துருச்சு. வெளிய நடை பூராவும் கண்ணாடியாக் கெடக்கு."

"அவுகளுக்கு?"

"மணிக்கட்டு ஒடஞ்சிருச்சு. கத்தினது யாருன்னு கேட்டாக. எங்கப்பான்னு சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"தண்ணி கேட்டாக. குடுத்தேன்."

டென்னிஸின் கை நடுங்கத் தொடங்கியது அன்றுதான். மருந்து கலக்க உதவாது என்று கம்பெனியில் அவனைப் பெட்டி அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். திசம்பரில் மிரியமுக்கு ஒரு கடிதம் எழுதி, மகளைப் படித்துக்காட்டச் சொன்னான். கேட்டாள், மடித்து வைத்துக்கொண்டாள்.

2025-இல் ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் விழாக் கமிட்டித் தலைவர் சுந்தர்ராஜ் வீடு தேடி வந்தார். பட்டாசுக் கடைக்காரர், வாய் நீளம்.

"என்னலே டென்னிசு, இந்த வருசம் பொம்மை அடைக்க மாட்டேன்னு சொன்னியாமே? மக சம்பளம் அனுப்பவும் யூதன் ஒனக்கு மாமனாயிட்டானாக்கும்?"

"எனக்கு மாமன் இல்லண்ணே. மாதாவுக்குச் சொந்தக்காரன்."

"ஓகோ! அப்ப நீ இல்லாட்டி வெடிக்காதோ? வசூலே வேண்டாம், என் கடைச் சரக்கப் போட்டு நம்ம பயலுகள வச்சு அடைக்கிறேன் பாரு."

டென்னிஸுக்கு அது புதுப் பயம். பழகாத கை அடைத்தால் பொம்மை மட்டும் வெடிக்காது. இந்த வட்டாரத்தில் அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பெரிய வெள்ளியன்று புத்தகத்தைப் பிடித்து யூத மக்களுக்கான மன்றாட்டை வாசித்தான். வாசித்து முடித்தவன் அடுத்ததற்குப் போகவில்லை.

"இத வாசிச்சுட்டு ஞாயித்துக்கெழம என்னால திரி வைக்க முடியாது" என்றான். "எம்மகளச் சாகப் போன்னு சொன்னது பெத்த வாயி. புடிச்சு நிறுத்துனது யூதப் பொம்பள கை. பொம்மை வைக்கிறவுக வைங்க. நான் அதுக்குப் பக்கத்துல நிப்பேன்."

சாமியார் கண்ணை மூடியபடி அடுத்த மன்றாட்டைத் தாமே சொன்னார்.

ஞாயிறு காலை மைதானத்தில் பொம்மை நின்றது. டென்னிஸ் போய் அதன் தோளை ஒட்டி நின்றான். குதிகாலில் திரி விரல் நீளம்கூட இல்லை, அங்கிக்குள் மருந்து சிந்திக் கிடந்தது.

"தள்ளுலே" என்றார் சுந்தர்ராஜ்.

"பயமாத்தாண்ணே இருக்கு. ஆனாத் தள்ள மாட்டேன்."

சுந்தர்ராஜ் தீக்குச்சியை உரசினார். அது அவர் விரல்வரை எரிந்தது. உதறினார். "போலே, கோட்டிப்பய. அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். டென்னிஸ் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கிப் பொம்மைமேல் ஊற்றினான்.

மிரியமிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. முதலும் கடைசியும் அதுதான். அவள் சொல்லச் சொல்லப் பெர்சிஸ் தமிழில் எழுதியிருந்தாள். ஒடிந்து கூடிய கையால் கிழவி கோணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"கோயிலில் நீங்கள் பேசியதை வெள்ளிக்கிழமை மாலை உங்கள் மகள் சொன்னாள். அன்றைக்குத் தாழ்ப்பாள் போடாமல் படுத்துப் பார்த்தேன். விடியும்வரை பயமாகத்தான் இருந்தது. எழுந்து போடவில்லை."

அந்தக் கடிதம் சவேரியார்பட்டிக்கு வந்து சேர்ந்த நாள் 14.5.2025, புதன்கிழமை.