ஆற்றுப் பாட்டுக்காரன்

கிழக்கு ஜெர்மனியின் ஹால்லே நகரத்துக் கல்லறைத்தோட்ட வாசலில் மலர்வளையம் கட்டி விற்பது என் பிழைப்பு. எக்கார்ட் கிட்டாரும் கையுமாக அங்கே வந்து நின்றபோது அவனுக்கு மேடையேறத் தடை. ரசாயன ஆலை விழாவிலேயே, ஆற்றை நாறடித்தது யார் என்று பாடிவைத்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம். மேடையில் பாட அரசாங்க உரிமம் வேண்டும்; அதைப் பறித்துவிட்டார்கள். மனைவியும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் தேவாலயத்தை விட்டவர்கள். பாதிரியார் இல்லாத அடக்கத்தில் யாராவது பாட வேண்டுமே, அவனைக் கூப்பிட்டார்கள். பிணத்துக்குப் பக்கத்தில் வந்து உரிமம் கேட்க எந்த அதிகாரிக்கும் துணிச்சல் இல்லை. ஆலையில் வேலை பார்த்து இருமியே செத்தவர் என்றால் ஆற்றுப் பாட்டுத்தான். முடிந்ததும் அஞ்சலிக் கூடத்தில் எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நிற்பார்கள். போகப்போக, செத்தவரைத் தெரியாதவர்கள்கூடச் சாக்குக்கு ஒரு சாமந்தி வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் துக்க வீட்டார் தரும் காப்பிக்கும் கேக்குக்கும் கிளம்புவார்கள். அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். என் முக்காலியில் உட்கார்ந்து என் ஃபிளாஸ்க் காப்பியைக் குடிப்பான்.

“பொணம் விழுந்தாத்தான் உனக்குக் கச்சேரி” என்று சீண்டினேன்.

“ஒரு தடவையாச்சும் உசுரோட இருக்கறவங்களுக்குப் பாடணும், அன்னெக்ரெட். அவங்க கை தட்டணும்” என்றான். சிரிக்கவில்லை.

பெர்லின் சுவர் விழுந்தது. அடுத்த வசந்தத்தில் அதே ஆலை மண்டபத்தை அவனுக்குக் கொடுத்தார்கள். உட்கார இடமில்லாத கூட்டம். தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்து, எடுத்த எடுப்பில் ஆற்றுப் பாட்டைப் பாடினான். அப்படி அவன் பாடி நான் கேட்டதே இல்லை.

முடித்தான். மண்டபம் முழுக்க எழுந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். எல்லாத் தலைகளும் குனிந்தன. ஒரு கை தட்டல் இல்லை. அத்தனை வருஷமும் அந்தப் பாட்டை அப்படித்தானே கேட்டிருந்தோம்! நானும் என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

அவன் காத்திருந்தான். பிறகு, “இன்னைக்கு யாரு செத்தது?” என்று மெதுவாகக் கேட்டான். கிட்டாரைப் பெட்டியில் வைத்து, பின்வாசல் வழியாக இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவே இல்லை.

போன குளிர்காலத்தில் அவனைப் புதைத்தோம். மகள் வரவில்லை. பாட ஆளில்லாததால் அவன் குரலையே ஒலிநாடாவில் போட்டார்கள். ஆற்றுப் பாட்டு முடிந்ததும் வந்திருந்த கொஞ்சம் பேரும் எழுந்து தலைகுனிந்தார்கள்.

நான் கை தட்டினேன். எல்லோரும் திரும்பி முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று உள்ளங்கை எரியும்வரை தட்டினேன்.