எல்லாருக்கும் ஒரே வள்ளம்

எழுபதுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைகளுக்கு வராத காலத்தில், யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையோர ஊர் ஒன்றில் பாலர் வகுப்பு நடத்தினேன். வாசிகசாலையின் பின்னறைதான் வகுப்பு. நான் கரவெட்டியில் வெங்காயத் தோட்டத் தறைகளுக்கு நடுவே வளர்ந்தவள். பஸ் யன்னலால் கடலைப் பார்த்ததோடு சரி. விளையாட்டுச் சாமான் என்று கேட்டால் கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். பாம்பும் ஏணியும்கூட நானே மட்டையில் கீறியதுதான்.

அந்தப் பாம்பால் வந்தது வினை. வகுப்பில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஏணியில் ஏறினால் ஊரே தன்னுடையது என்பது போலச் சிரிப்பாள். பாம்பு கொத்தினால் போச்சு, மட்டையைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் தலைமயிரைப் பிடிப்பாள். எனக்கும் மூக்கு நுனியில்தான் கோபம், ஆனால் அவளுக்குக் கிட்டவும் நிற்கமாட்டேன். கடைசியில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் திரண்டு வந்து, இனி அவளோடு விளையாடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவன், அடிக்கடி அவளிடம் தலைமயிரைப் பறிகொடுத்த ஒரு குண்டுப் பையன். அன்றிலிருந்து அவள் யன்னலோரம் தனியே இருந்து சட்டை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. இவளை எப்படியாவது மற்றவர்களோடு சேர்த்துவிட வேண்டும் என்பதே எனக்கு யோசனையாகிப் போனது.

ஒருவரை ஒருவர் வெல்ல முடியாத விளையாட்டாக இருந்தால் சண்டை எங்கிருந்து வரும்? பிஸ்கற் பெட்டி மட்டையில் கடலும் கரையும் கீறிக் கட்டங்கள் போட்டேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வள்ளம், அது ஒரு மஞ்சாடிக் கொட்டை. பின்னால் துரத்திவரும் காற்றுக்கு ஒரு கரித்துண்டு. பிள்ளைகள் முறைவைத்துச் சோகிச் சிப்பிகளை எறிய வேண்டும். மலர்ந்து விழுந்தவை வள்ளத்துக்கு, குப்புற விழுந்தவை காற்றுக்கு. காற்றுப் பிடிக்குமுன் வள்ளம் கரை சேர்ந்தால் எல்லாருக்கும் வெற்றி. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவளையும் இழுத்துவந்து இருத்தி ஆடவைத்தேன். முதல் ஆட்டத்திலேயே சோகிகள் குப்புறக் குப்புற விழுந்து, கரித்துண்டு கொட்டையைப் பிடித்துவிட்டது. நான் கைதட்டி, "வள்ளம் கடலுக்கை தாண்டு போச்சு, எல்லாரும் தோத்தம்" என்றேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அந்தப் பொல்லாத குஞ்சு மட்டையைக் கவிழ்க்கவுமில்லை. கொட்டையை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

மறுநாள் காலை, அவளுடைய தாய் மீன் கூடையோடு வந்தார். பிள்ளை அவரின் சேலைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு எழுந்தேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"ரீச்சர், எங்கடை ஆக்கள் கடலிலை நிக்கேக்கை நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லுறேல்லை. பிள்ளை ராவு முழுக்கப் பொத்தின கையைத் திறக்கேல்லை. நான்தான் சோறு தீத்தினனான். விடியத் தகப்பன் கரைக்கு வந்த பிறகுதான் திறந்தவள்."

தகப்பன் கடலில் நிற்க, நான் கைதட்டி வள்ளத்தை மூழ்கடித்திருக்கிறேன். விசர் வேலை! வெட்கத்தில் மட்டையைக் கிழிக்கப் போனேன். அப்போதுதான் அவள் முன்னே வந்து கொட்டையை மட்டையில் வைத்தாள்.

"கிழியாதேங்கோ ரீச்சர். காத்துப் பிடிச்சால் கரையிலை நிக்கிற எல்லாரும் கயிறு பிடிச்சு இழுக்கட்டும். ஒராள் பிடியாட்டிலும் வராது."

அந்தக் கரையில் கரைவலை இழுக்கும்போது யார் வந்து கயிற்றில் கை வைத்தாலும், சின்னப் பிள்ளையானாலும், அவருக்கு மீனில் ஒரு பங்கு உண்டு என்று தாய் எனக்கு விளங்கப்படுத்தினார். நான் கூடைக் கயிற்றுத் துண்டு ஒன்றை வாங்கி மட்டையருகே போட்டேன். பிள்ளைகள் சுற்றியிருந்து ஆடத் தொடங்கினார்கள். அவளோ சட்டத்தைச் சொன்னதோடு பழையபடி யன்னலோரம் போய்விட்டாள். ஒருவரும் கூப்பிடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதட்ட வாயெடுத்தபோது தாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் காற்று வள்ளத்தைப் பிடித்தது. பிள்ளைகள் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார்கள். என்னையும் தாயையும்கூட விடவில்லை, நாங்களும் பிடித்தோம். ஆனால் கொட்டையை நகர்த்த ஒருவரும் துணியவில்லை. குண்டுப் பையன் கயிற்றைப் பார்த்தான், யன்னலைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"எடி, வா. நீ பிடியாட்டி வராதெல்லோ?"

அவள் எழுந்து வந்து அவனுக்குப் பக்கத்தில் குந்தி, அவன் தலைமயிரைப் பிடித்த அதே கையால் கயிற்றைப் பிடித்தாள். வள்ளம் கரைக்கு வந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் வாசிகசாலையில் பேப்பர் படித்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவுமில்லை.

தாய் கூடையைத் திறந்து, கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு சூடை மீனைப் பூவரசம் இலையில் வைத்துக் கொடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். எங்கள் வீடு சுத்த சைவம், மீன் மணமே ஆகாது. ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கினேன். நானும் கயிறு பிடித்தவள்தானே.