அந்தக் குரலோடு மூன்று நிமிடம்

இந்தப் பெங்களூரில் தொலைபேசியை எடுத்தவுடன் ‘ஹேளி’ என்கிறார்கள். கன்னடத்தில் சொல்லுங்கள் என்று அர்த்தம். அது தெரியாமல், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் என் முதல் வாரம் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தேன். கம்பியின் இரைச்சலுக்கு நடுவே அது என் காதில் ‘கேலி’ என்றே விழுந்தது. மல்லேஸ்வரத்துப் பெரியவர் யாராவது எடுப்பார், ‘கேலி’ என்பார். நான் திக்குவாய்க்காரி என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது? பக்கத்து நாற்காலி ஜெயம்மாதான் விஷயத்தை விளக்கிச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பயம் போகவில்லை. திக்குவதை மறைத்துத்தான் அந்த வேலையில் சேர்ந்திருந்தேன். இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு புகார் வந்தால் போதும், காக்ஸ் டவுனில் அண்ணன் வீட்டிலிருந்து போளூருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

போளூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு டூரிங் டாக்கீஸ். படம் பார்க்க அப்பா விடமாட்டார். சத்தத்தை அவரால் தடுக்க முடியவில்லை. பதினான்கு வயதில் ஒரு நடிகரின் குரல்மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. காதில் விழுந்ததை வெளியே விடமாட்டோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வேலை பார்ப்பவர்கள் நாங்கள். அவர் முகத்தையே வெகுநாள் கழித்து ஒரு பத்திரிகை அட்டையில்தான் பார்த்தேன். எனக்குப் ‘ப’வில் தொடங்கும் சொல் வாயில் வராது. வகுப்பில் என்னை வாசிக்கச் சொன்னால், அந்த எழுத்து வரும்வரை மற்றவர்கள் மூச்சடக்கிக் காத்திருந்து சிரிப்பார்கள். அந்த நடிகரோ ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மெல்ல மூச்சை விடுவார். கிணற்றடியில் துணி துவைத்தபடி நானும் அப்படியே மூச்சை விட்டு அவர் வசனங்களைச் சொல்லிப் பார்த்தேன். திக்கவில்லை. ஒருநாள் அவர் எதிரில் நின்று ஒரு முழு வாக்கியம் தடங்காமல் பேசவேண்டும், அவர் அசந்துபோய் என்னைக் கட்டிக்கொள்வார். இதுதான் அந்த வயதுக் கணக்கு. கட்டிக்கொள்கிற ஆசை இரண்டு வருடத்தில் உதிர்ந்துவிட்டது. குரலால் பிழைக்கவேண்டும் என்ற ஆசை உதிரவில்லை. அண்ணனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துக் கூடவே நானும் வந்தபோது, எக்ஸ்சேஞ்சுக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேட்டு ஓடினேன். நேர்முகத் தேர்வில் முழுக்க அந்த மூச்சை வைத்துத்தான் பேசினேன்.

சேர்ந்து நாலாவது மாதம், ஒரு பிற்பகல். மதராஸிலிருந்து இங்கே ஒரு ஹோட்டலுக்கு அவசர அழைப்பு. யாருக்கு என்று மதராஸ் ஆபரேட்டர் சொன்ன பெயர் அந்த நடிகருடையது. படப்பிடிப்புக்கு வந்திருந்தார் போலும். ஹோட்டலில் அவரைக் கூப்பிட்டு வந்தார்கள். “ஹலோ” என்றார். அதே குரல். ஆனால் மழையில் கம்பி கெட்டுப்போயிருந்தது. மதராஸில் பேசியவர் அவர் மனைவி. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை, நடுவில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. இப்படி ஆனால் ஆபரேட்டரே இரண்டு பக்கமும் சொல்லவேண்டும். அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்: பாப்பா மாடியிலிருந்து விழுந்துவிட்டாள், கண்ணைத் திறக்கவில்லை, தலையில் ஆபரேஷன் செய்யவேண்டுமாம், அவர் சரி என்று சொன்னால்தான் கையெழுத்துப் போடுவேன்.

அவரிடம் சொல்லவேண்டியவள் நான். ‘ப’வைத் தவிர்த்து, “சார், உங்க குழந்தை மாடியிலேருந்து விழுந்துட்டுது” என்றேன்.

“எந்தக் குழந்தைம்மா? பெரியவனா, பாப்பாவா?”

இதற்கு வேறு சொல் அந்த நேரத்தில் தோன்றவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. ப், ப் என்று வெறும் காற்றுதான் வந்தது. சூப்பர்வைசர் மிஸ் ஐரீன் என் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன். மறு நொடியே, அங்கே ஒரு குழந்தை என் வாய்க்காகக் காத்துக் கிடக்கிறது என்ற நினைப்பு வந்தது. அந்தப் பயத்தின் முன்னால் வேலை போகிற பயம் ஒன்றுமில்லை. கண்ணை மூடி, மெல்ல மூச்சை விட்டேன்.

“பாப்பா, சார். தலையில அடி. ஆபரேஷன் பண்ணணுமாம். நீங்க சரின்னு சொல்லணும்.”

“ச... ச...” என்றார் அவர். அதற்குமேல் வரவில்லை. எத்தனை கொட்டகைகளில் முழங்கிய குரல், ஒரு எழுத்தில் சிக்கிக்கொண்டு நின்றது. அது எந்தச் சொல் என்று எனக்குத் தெரியும். நான் திக்கும்போதெல்லாம் மற்றவர்கள் என் சொல்லைப் பிடுங்கி முடித்துவைப்பார்கள். அது எப்படி வலிக்கும் என்பதும் தெரியும். ஒரு அழைப்புக்குத் தரும் மூன்று நிமிடம் தீரப்போகிறதே என்று பதறினேன். ஆனாலும் அவர் சொல்லை நான் முடித்துவைக்கவில்லை.

“சரின்னு சொல்லுங்கம்மா” என்றார் கடைசியில்.

மதராஸ் பக்கம் திரும்பி, ஒரு இடத்திலும் தடங்காமல் சொன்னேன். இணைப்பு அறுந்தது.

மிஸ் ஐரீன் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கூப்பிட்டு, “உனக்குப் பேச்சில் தடங்கல் இருப்பதை ஏன் மறைத்தாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் வேலை பற்றிய மாதக் குறிப்பில் ஏதோ எழுதி மூடிவைத்துவிட்டு, “போய் உட்கார்” என்றார். என்ன எழுதினார் என்று தெரியாமல் இரண்டு மாதம் சோறு இறங்கவில்லை. அந்த இரண்டு மாதமும் இணைப்புப் பலகையில் மதராஸ் விளக்கு எரியும்போதெல்லாம் குழந்தைச் செய்திதானோ என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். விசாரிக்கவும் எங்களுக்கு அனுமதி கிடையாது. பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் படம் வந்தது: அவர் மடியில் ஒரு பெண் குழந்தை, மொட்டைத் தலையில் முடி அப்போதுதான் அரும்பியிருந்தது. ஓய்வறையில் அதைப் பார்த்து நான் அழுததற்கு, பைத்தியமா உனக்கு என்றாள் ஜெயம்மா. அந்த மாதமே நிரந்தர உத்தரவும் வந்தது.

போன வருடம் அண்ணன் மதராஸுக்கு மாற்றலாகிப் போனார். கூட வரச்சொன்னார். இந்த நாற்காலியை விட மனமில்லாமல் தங்கிவிட்டேன். தனியாக இருக்கப் பயம்தான். இன்றைக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் பயம்தான். தலையில் மாட்டும் எங்கள் கேட்புக்கருவி ஒரு காதுக்குத்தான். வலது காதில் மதராஸும் வேலூரும் திருவண்ணாமலையும் தமிழில் இரைந்துகொண்டிருக்க, திறந்திருக்கும் இடது காதில் ஜெயம்மா கன்னடத்தில் காபிக்குக் கூப்பிடுகிறாள். வேலை முடிந்து கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தால், இந்த ஊர்க் காற்றில் இடது காது சில்லென்றிருக்கிறது. வலது காது வீடு வந்து சேரும்வரை சுட்டுக்கொண்டே இருக்கிறது.