கைப்பையில் மோமோ ஷீட்

சிதம்பரத்தில் இருக்கும் என் நாத்தனார், நான் என்ன சமைத்தாலும் ஒரு குறை சொல்லாமல் கை கழுவ மாட்டார். ஒருமுறை கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பன்னீரும் கீரையும் உள்ளே வைத்து மூடிய ராவியோலி பாஸ்தா செய்து கொடுத்தேன். மேல்மாவு, கடையில் வாங்கிய மோமோ ஷீட்; மெலிசாகத் தேய்த்து வட்டமாக வெட்டி, பாக்கெட்டில் விற்கும் மைதா மாவு.

"இவ்ளோ மெலிசா நீயே தேச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வந்தது வினை. அடுத்த ஞாயிறு தன் சம்பந்தியம்மா விருந்துக்கு வருவதால், சிதம்பரம் வந்து அதையே செய்து தரச் சொன்னார். ஒரு பாக்கெட்டைக் கைப்பையில் ஒளித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் சமையலறையில் பிரித்துப் பார்த்தால், வெயிலில் ஷீட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. கத்தி முனையால் உரித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் உள்ளே வந்துவிட்டார். பாக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

அந்த நேரம் கூடத்திலிருந்து சம்பந்தியம்மா, "மாவு பிசையறத நானும் வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அவ பிசைஞ்சே முடிச்சிட்டா, சம்பந்தி, நீங்க உக்காருங்க," என்றார் நாத்தனார். பிறகு ஒரு பிடி மைதாவை அள்ளி என் இரண்டு கைகளிலும் பூசினார். "பொய் சொன்னாலும் ஒழுங்கா சொல்லணும்டி," என்று முணுமுணுத்தபடி என்னோடு சேர்ந்து உரிக்க ஆரம்பித்தார்.

பாதி ராவியோலி கொதிநீரில் பிரிந்துபோனது. அதை சூப் என்று சொல்லி அவரே பரிமாறினார்.

எப்போது என்னைக் காட்டிக்கொடுக்கலாம் என்று காத்திருப்பவர் என்றுதான் எட்டு வருடமாக அவரை நினைத்திருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பாக வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.