ரோஜாவுக்குக் கத்தரி வைத்த கதை

சாம்பிள் துணி

"ஏனுங்க அம்மணி, நீங்க செடி விக்கறீங்களா, பூச்சி விக்கறீங்களா?"

வீட்டுக் கொல்லையில் ரோஜாத் தொட்டி வைத்து விற்கும் சகோதரிகளே, இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். கேட்டவர் சரோஜா அக்கா. தொண்டாமுத்தூர்ப் புது வீட்டுக்கு முப்பது தொட்டி சொல்லிவைத்திருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு மாதம்தான் பாக்கி. இலை ஓரமெல்லாம் அரைவட்டமாகக் கடி. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் கொல்லையில் தன் பழைய ஃபியட்டை நிறுத்துவதாக என் கணவர் ஏற்கெனவே அறிவித்தாயிற்று. அக்கா ஓர் இலையைத் தூக்கிப் பிடித்தார்.

"சாம்பிள் துணியத்தான் இப்படி ஓரம் வெட்டித் தருவாங்க. நான் முழுத்துணிக்கல்லங்க சொல்லியிருக்கேன்?"

கத்தரி

இலையைக் கடித்துக்கொண்டிருந்த, சாம்பல் நிறத்தில் மூக்கு நீண்ட ஜந்து ஒன்றை ஜாம் பாட்டிலில் அடைத்து உரக்கடைக்குக் கொண்டுபோனேன். "கூன்வண்டுங்க. ரோஜாவுக்குக் கத்தரி வெச்சுப்போடுங்க, சரியாப் போயிரும்" என்றார் கடைக்காரர்.

எங்கள் கான்வென்டில் தமிழுக்கு வாரத்தில் மூன்றே பீரியட்; கத்தரி என்றால் கத்தரிக்கோல் என்பது வரை வந்திருந்தோம். அன்றைக்கே முப்பது செடியையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினேன். ஒரு வாரம் கழித்து, துளிரையும் வண்டு தின்கிறது என்று சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் சொன்னது கத்தரிச்செடிங்க அம்மணி. பக்கத்துல வெச்சா வண்டு ரோஜாவ விட்டுப்போட்டு அதுக்குப் போயிரும். நீங்க ரோஜாவுக்குக் கிராப்பு வெட்டிப்போட்டு வந்து நிக்கறீங்க."

ருசி

எண்ணெய்க் கத்தரிக்காய்க்கென்று என் கணவர் பழைய பக்கெட்டுகளில் ஆறு செடி வளர்த்திருந்தார். அப்போதுதான் பூ விட்டிருந்தது. அவர் மில்லுக்குப் போன நேரத்தில் ஆறையும் ரோஜாக்களுக்கு நடுவே நகர்த்தினேன். மறுநாள் காலை வண்டுக் கூட்டம் மொத்தமும் கத்தரி இலையில் பந்தி போட்டிருந்தது. குடையைத் தலைகீழாகப் பிடித்துச் செடியை உலுக்கினால் பொலபொலவென்று விழுந்து செத்ததுபோல் கிடக்கும். வேலை சொன்னதும் தூங்குவதுபோல் கிடப்பவர்களோடு குடும்பம் நடத்தும் நான் இதற்கா ஏமாறுவேன்? தினமும் சோப்புத் தண்ணீரில் கொட்டினேன். வெட்டிய ரோஜாக்கள் கொத்துக் கொத்தாக மொட்டு விட்டன. முப்பதையும் அக்கா டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்.

என் கணவர் சல்லடையாகிப்போன தன் செடிகளின் முன்னால் நின்றார்.

"என்ற கத்தரியத் தின்னுபோட்டு உன்ற ரோஜா பூத்திருக்குது."

கூன்வண்டுக்கும் கட்டினவருக்கும் ஒரே செடி பிடித்துத் தொலைத்தால், யாராவது ஒருவரைத்தான் திருப்திப்படுத்த முடியும்.

"ஏனுங்க, அடுத்த ஆர்டர் வந்திருக்குது. நாளைக்கு மில்லுல இருந்து வரும்போது இன்னொரு ஆறு கத்தரி நாத்து வாங்கிட்டு வாரீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். கட்டிலில் அவர், குடையில் விழுந்த வண்டுபோல் கண்ணை மூடிக் கிடந்தார்.