சோலார் தட்டு மேல காஞ்ச வடாம்

கல்யாணப் பந்தியில வடாம் வெக்க வந்தா நான் எலை மேல கையை வெச்சு மறைச்சுடுவேன். "இன்னாம்மா, சுகரா?"ன்னு கேப்பாங்க. ஆமா ஆமான்னு தலையாட்டிடுவேன். சுகரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குமட்டல். வடாம் பொரிக்கிற வாசம் மூக்குல ஏறினாலே முந்தானையால மூக்கைப் பொத்திக்கினு எழுந்துடுவேன். முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் போகல.

தொண்ணூத்தொண்ணுல நான் ஒரகடம் பக்கம் ஒரு சின்ன கவர்மென்ட்டு ஆஸ்பத்திரியில நர்ஸு. ஊர் பேரு வேணாம். கல்யாணமாகி ஒரு வருசம், வூட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேலை. இன்னிக்கு அந்த ரோட்டுல திரும்பின பக்கமெல்லாம் ஃபேக்டரி. அன்னிக்கு ஏரி, செங்கல் சூளை, வேலிகாத்தான் முள்ளு, அவ்ளோதான். கரெண்டு வந்தா வந்துச்சு, போனா போச்சு. கொழந்தைங்களுக்குப் போடுற போலியோ சொட்டு மருந்தை ஐஸ் பொட்டியில வெச்சு, மடியில தூக்கிக்கினு பஸ்ஸுல வருவேன். வந்து சேர்றதுக்குள்ள பாதி ஐஸு தண்ணியாகி என் புடவையில ஓடும்.

அந்த வருசம் தை மாசம் எங்களுக்கு ஒரு ஃப்ரிட்ஜு வந்துச்சு. கரெண்டுல ஓடுறது இல்ல, வெயில்ல ஓடுறது. மொட்டை மாடியில நாலு கருப்புத் தட்டு சாய்ச்சு வெச்சாங்க, அதுலேர்ந்து ஒயரு கீழ பேட்டரிக்கு, பேட்டரியிலேர்ந்து ஃப்ரிட்ஜுக்கு. மாட்ட வந்த ஆபீசரு, "இனிமே சூரியனே உங்க மருந்தைக் காப்பாத்தும்"னாரு. வெயிலை வெச்சு ஜில்லுனு ஆக்குறதா, யாருகிட்ட காது குத்துறேன்னு நெனச்சேன். மறுநாள் காலையில தொறந்து பாத்தா பாட்டில் மேல முத்து முத்தா வேர்த்திருக்கு. சத்தியமா சொல்றேன், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். "மருந்துக்கும் உசுரு கீதும்மா. சூடானா செத்துடும். செத்த மருந்து புள்ளைக்கு உதவாது. கன்னத்துல வெச்சுப் பாருங்க, ஜில்லுனு இருந்தாத்தான் வாங்கணும்"னு சொல்லி, பாட்டிலை ஒவ்வொருத்தி கன்னத்துலயும் தொட்டுக் காட்டுவேன். சிரிப்பாளுங்க. சூளையில கல்லு அறுக்கிற பொண்ணு ஒருத்தி மட்டும் சிரிக்க மாட்டா. கையில கைக்கொழந்தை, மூஞ்சி பூரா செம்மண்ணு. கன்னத்தைத் தொடச்சுட்டு, பாட்டிலைக் கவனமா வெச்சுப் பாத்துட்டு, "ஆமா நர்சம்மா, ஜில்லுனு கீது"ம்பா. அப்புறம்தான் புள்ள வாயைத் தொறப்பா.

நல்லது வந்தா நம்ம ஆளுங்களுக்குப் பொறுக்குமா? மொதல்ல கம்பவுண்டரு ஃப்ரிட்ஜுக்குள்ள ரெண்டு மொழம் மல்லிப்பூ வெச்சாரு. பூ தானேன்னு விட்டேன். அதுக்கப்புறம் பஞ்சாயத்துத் தலைவர் வூட்டுலேர்ந்து மாவு வந்துச்சு, தயிர் வந்துச்சு. ஏரியில மீன் புடிச்ச அன்னிக்கு வாழையிலையில சுத்தின கெளுத்தி வந்துச்சு. ஒரு திங்கக்கெழம காலையில தொறக்குறேன், ஞாயித்துக்கெழம மிஞ்சின ஆட்டுக்கறிப் பையி சாஞ்சு, ரத்தம் ஒழுகி, சொட்டு மருந்து பாட்டில் மேலயெல்லாம் ஒறஞ்சு போய்க் கெடக்கு. தூ! இதெல்லாம் மனுசங்க செய்யிற வேலையா? நாயி கூட திங்கிற எடத்துல இப்படிப் பண்ணாது. ஒவ்வொரு பாட்டிலா கழுவினேன். நகத்துக்குள்ள போன கவிச்சி வாடை ரெண்டு நாள் போகல.

டாக்டருகிட்ட போயி கத்தினேன். அவரு, "விடுங்க சிஸ்டர், ஊரோட ஒத்துப் போகணும்"னாரு. கறி யாருதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவருது.

நான் விடல. பூட்டு வாங்கி மாட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கினேன். தலைவர் வூட்டம்மா தயிர்ச் சட்டியோட வந்தப்ப மூஞ்சிக்கு நேரா, "இது மருந்துப் பொட்டி, உங்க வூட்டு ஒறி இல்ல"ன்னு சொல்லி அனுப்புனேன். ஒரு மாசம் ஆஸ்பத்திரியில எவனும் எங்கூட மூஞ்சி குடுத்துப் பேசல. போங்கடான்னு இருந்தேன். நான் தான் யோக்கியம், ஊரே சாக்கடைன்னு எனக்கு ஒரு திமிரு.

சித்திரையில அந்தம்மா மறுபடியும் வந்தாங்க. இந்தத் தபா சிரிச்சுக்கினே வந்தாங்க. "எங்களுது ஓட்டு வூடும்மா. உங்க ஆஸ்பத்திரி மாடி சுத்தமா கீது, வடாம் போட்டுக்கட்டுமா? உனக்கும் சேத்தே கூழு கிண்டுறேன்"னாங்க. ஃப்ரிட்ஜைத் தொடல, மாடி தானேன்னு நெனச்சேன். சண்டை போட்டு சலிச்சும் போயிருந்துச்சு. வூட்டுக்காரருக்கு வடாம்னா உசுரு வேற. "போட்டுக்கோங்கம்மா"ன்னேன். மாடிக்கு ஏறி ஒரு எட்டு பாக்கல.

ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். ரெண்டுலேர்ந்து எட்டுக்குள்ள இருக்கணும். காலையிலயும் சாயந்தரமும் பாத்து நோட்டுல எழுதணும். மூணு மாசமா நாலு, நாலு, நாலுன்னு எழுதி எழுதி, அந்த வாரம் நான் பாக்காமயே நாலுன்னு எழுதினேன். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

புதன்கெழம ஊசி நாளு. வெயிலு மண்டையப் பொளக்குது, நாப்பது பொம்பளைங்க, நாப்பது புள்ளைங்க, ஒரே கூச்சல். சூளைப் பொண்ணும் வந்திருந்தா. அவ பொண்ணுக்கு மூணாவது தடவை போடணும், ரெண்டு வாரம் லேட்டு. மேஸ்திரி லீவு குடுக்கலையாம். வழக்கம் போல பாட்டிலை வாங்கி கன்னத்துல வெச்சா. எடுத்தா. அடுத்த கன்னத்துல வெச்சா.

"நர்சம்மா, இது ஜில்லுன்னே இல்லையே."

எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ அவ்ளோ கோவம். "ஏம்மே, நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா? ரெண்டு வாரம் கழிச்சு வந்துட்டு எனக்கே சட்டம் பேசுறியா? போட்டுக்கிறதுன்னா போட்டுக்கோ, இல்லாட்டி நகரு"ன்னு எரிஞ்சு விழுந்தேன். பின்னால நின்னவளுங்க சிரிச்சாளுங்க. அவ மூஞ்சி சுண்டிப் போச்சு. புள்ள வாயைத் தொறந்தா. நான் சொட்டு விட்டேன்.

எல்லாரும் போன பொறவுதான் தெர்மாமீட்டரைப் பாத்தேன். இருவத்தாறு. மாடிக்கு ஓடினேன். நாலு சோலார் தட்டு மேலயும் தலைவரோட பழைய வேட்டிங்களை விரிச்சு, வரிசை வரிசையா கூழ் வடாம் புழிஞ்சிருக்கு. பின்னால அந்தம்மாவைக் கேட்டா, தரையில மண்ணாம், தட்டு தான் சுத்தமா, சூடா கீதாம். மூணு நாளா வெயிலை முழுங்கி வடாம் மொறுமொறுன்னு காஞ்சிருந்துச்சு. கீழ பேட்டரி செத்துக் கெடந்துச்சு. ஓரத்துல ஒரு மூலையில சின்னதா, தனியா, எனக்குன்னு போட்ட பங்கு.

டாக்டருகிட்ட சொன்னேன். "அந்த நாப்பது பேரையும் கூப்ட்டு மறுபடியும் போட்டுடலாம் சார்"னேன். அவரு கதவைச் சாத்திட்டு வந்து ஒக்காந்தாரு. "எதுக்குன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க? மாடியில வடாம் போடச் சொன்னது யாரு சிஸ்டர்? நோட்டுல நாலுன்னு எழுதினது யாரு?"ன்னாரு. அந்த ஆளு மூஞ்சியில அப்ப இருந்த சிரிப்பை நான் இன்னும் மறக்கல. ஆனா அருவருப்பு அவரு மேல இல்ல. அவரு சொன்னதுக்கு நான் தலையாட்டினேன் பாருங்க, அது மேல. மீந்த பாட்டிலைக் கொட்டிட்டு, துணியை எடுத்துட்டு, தட்டைத் தொடச்சுட்டு வூட்டுக்குப் போனேன். அடுத்தடுத்த மாசம் வரப்ப ஏதோ சாக்கு சொல்லி ஒவ்வொருத்தருக்கா மறுபடி போட்டேன். முக்காவாசிப் பேருக்குப் போட்டுட்டேன். மூணு தடவை முடிஞ்சவ திரும்ப ஏன் வரப் போறா? சூளைப் பொண்ணு வூட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தபா போனேன். இன்னான்னு சொல்றதுன்னு தெரியாம திரும்பி வந்துட்டேன்.

தலைவர் வூட்டம்மா என் பங்கைக் குடுத்தனுப்புனாங்க. வூட்டுக்காரரு பொரிக்கச் சொன்னாரு. பொரிச்சேன். நானும் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

ஐப்பசி மழையில அந்தப் பொண்ணு கொழந்தைக்கு ஜொரம். நாலு நாள்ல ஜொரம் விட்டுச்சு, எடது காலு தொவண்டு போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வந்து, என் எதிர்ல தரையில ஒக்காந்து மார்ல அடிச்சுக்கினு அழுதா. "எல்லாம் என் தப்பு நர்சம்மா. ரெண்டு வாரம் லேட்டா இட்டாந்துட்டேன். நீங்க அன்னிக்கே திட்டுனீங்க. மேஸ்திரியைப் போடா மயிரேன்னுட்டு நான் வந்திருக்கணும்."

நல்ல மருந்து போட்டாலும் ஆயிரத்துல ஒண்ணுக்கு அப்படி ஆகும்னு பின்னால பெரியாஸ்பத்திரியில ஒரு டாக்டரு சொன்னாரு. சில நாள் அதைப் புடிச்சுக்கினு தூங்குவேன். அன்னிக்கு அவ என் எதிர்ல அழுதப்ப நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "அழுவாதம்மா, இனிமேலாவது டைமுக்கு வா"ன்னேன். இந்த வாயால தான் சொன்னேன்.

ரெண்டு வருசம் கழிச்சு அவளுக்கு ஒரு பையன் பொறந்தான். மொதல் சொட்டுக்குச் சரியான நாள்ல, காலையில ஏழு மணிக்கே, நான் கதவைத் தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னா. பெரியவ அவ முந்தானையைப் புடிச்சுக்கினு எடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தா. நான் தெர்மாமீட்டரை ரெண்டு தபா பாத்துட்டு பாட்டிலை எடுத்தேன். பனி மாதிரி இருந்துச்சு. அவகிட்ட நீட்டுனேன். "கன்னத்துல வெச்சுப் பாரும்மா."

அவ கையைப் பின்னால இழுத்துக்கினா. "வேணாம் நர்சம்மா. அன்னிக்கு ஏதோ புத்தி கெட்டுப் போயி உங்களையே கேட்டுட்டேன். உங்களுக்குத் தெரியாததா?"ன்னு சொல்லி, புள்ள தாடையை ரெண்டு வெரலால அழுத்தி, எனக்காக வாயைத் தொறந்து புடிச்சா.