தன் பெயரைக் கடைசியில் எழுதியவர்

சவரிமுத்து சார் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு திங்கட்கிழமைக் காலையில் வந்தது. கொழும்புத் தலைமையகத்தோடு காணொளிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் முடியும்வரை யாரும் கமராவை அணைக்கக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. மடியில் கிடந்த கைப்பேசி அதிர்ந்தது. சாரின் மனைவி ரீட்டா அக்கா அனுப்பியிருந்தார்: "கௌரி, அவரு போயிட்டாரு. முகம் கழுவப் போனவரு அப்படியே விழுந்துட்டாரு."

தலைகுனிந்து அதை வாசித்தேன். நிமிர்ந்தபோது திரையில் இருந்த இயக்குநர், "கௌரி, கவனம் எங்க இருக்கு?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர், "ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா அவர் இப்ப நம்ம ஸ்டாஃப் இல்லையே. முதல்ல கூட்டத்த முடிப்போம்" என்றார்.

கூட்டம் தொடர்ந்தது. திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் என் முகம் தெரிந்தது. அழுதால் எல்லோரும் பார்ப்பார்கள். எழுந்து போனால் காரணம் கேட்டு எழுதுவார்கள். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவரோடு வேலை செய்தவர்களும், அவரிடம் பயிற்சிக்கு வந்த தோட்ட உத்தியோகத்தர்களும், பூனாகலைத் தோட்டத்தில் அவரோடு படித்தவர்களுமாக நீங்கள் எல்லோரும் மரண வீட்டில் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: "அவர ஏன் வேலையை விட்டு அனுப்புனாங்க?" அங்கே, அவர் முன்னால் நின்று பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்களுடையது தேயிலைக் கம்பனிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம். ஆட்களை எப்படி நடத்துவது, வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் தொழில். பதுளைக் கிளை ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. சார் அதன் மேனேஜராக இருந்தார். பூனாகலையில் தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் பிறந்து வளர்ந்தவர் என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. வாராந்தக் கூட்டத்தில் தலைமையகம் பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கும்போது, "திங்கக்கெழமப் பெரட்டு தொடங்கிருச்சு" என்பார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு.

ஒருமுறை தலைமையகத்திலிருந்து, 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று அச்சடித்த பெரிய பலகை ஒன்று வந்தது. சுவரில் மாட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சார் அதை மாட்டினார், படமும் எடுத்து அனுப்பினார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார். "எங்க தோட்டத்துத் தொரையும் இப்படித்தான் சொல்லுவாரு, நீங்கெல்லாம் என் புள்ளைங்கன்னு. புள்ளைங்க அப்பாகிட்ட லீவு கேக்க முடியுங்களா? கேட்டா நன்றி கெட்டவன்னு ஆயிரும். இது ஆபீஸ். குடும்பம் வீட்ல இருக்கு. வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போங்க." சொன்னபடியே எங்களை அனுப்பினார். மாலையில் கொழும்பிலிருந்து வரும் அழைப்புகளுக்கு அவரே பதில் சொன்னார்.

அதன்பிறகு தரவரிசை வந்தது. ஒவ்வொரு கிளையும் வருட முடிவில் தன் ஊழியர்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசைப்படுத்த வேண்டும். கடைசியில் வருபவர் வேலையை விட்டுப் போகவேண்டும். எல்லோரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் ஒருவர் கடைசியாக இருந்தே ஆகவேண்டும். மற்றக் கம்பனிகளுக்கும் இதை விற்கப் போகிறோம், முதலில் நாமே செய்து காட்டுவோம் என்று இயக்குநர் சொன்னார்.

அந்த அறிவிப்பு வந்த கிழமையிலேயே ஆபீஸ் மாறிப்போனது. சேர்ந்து தேநீர் குடிப்பது நின்றது. ஒருவர் கணினித் திரையை இன்னொருவர் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டோம். வெளியில் யாரும் சொல்லாவிட்டாலும் கடைசி யார் என்று எல்லோருக்கும் தெரியும். பரமேஸ். அவனுடைய கைக்குழந்தைக்கு அந்த வருடம் முழுக்க நெஞ்சுச் சளி. பாதி நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தான், போனான். அவன் கடைசி என்றால் நான் கடைசி இல்லை என்ற எண்ணம் எங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் ஓடியது. அப்படி எண்ண வைத்ததுதான் அந்த வரிசை செய்த முதல் வேலை.

சார் பட்டியலை அனுப்பினார். கடைசியில் தன் பெயரை எழுதியிருந்தார்.

இயக்குநர் நேரே பதுளைக்கு வந்துவிட்டார். நல்ல மழை. நனைந்த சப்பாத்தோடு சாரின் அறைக்குள் போனார். நடுவில் இருந்தது பலகைத் தடுப்புத்தான், அதனால் எல்லாம் கேட்டது.

"மிஸ்டர் சவரிமுத்து, இது விளையாட்டா?"

"இல்லீங்க சார். நல்லா யோசிச்சுத்தான் எழுதுனேன். இந்த வருஷம் இந்த ஆபீஸ்ல ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பயப்படுறாங்க. அப்படின்னா மோசமாப் போனது நிர்வாகம். நிர்வாகம் பண்ணது நான்தானுங்களே."

இயக்குநர் அவரை அப்போது அனுப்பவில்லை. ஊவா மாகாணத்துத் தோட்டக் கம்பனிகள் எங்களிடம் வந்தது அவருடைய முகத்துக்காக. அதனால் பதவியை மட்டும் பறித்தார். சாருடைய மேசையைக் கழுவறைக்குப் பக்கத்து மூலைக்கு மாற்றினார்கள். அவருடைய பதவியையும் அறையையும் எனக்குக் கொடுத்தார்கள். மாட்டேன் என்று சொல்லலாம் என நீங்கள் நினைக்கலாம். என் கணவருக்கு அப்போது வேலை இல்லை. சாராலும் விட்டுப்போக முடியவில்லை. ரீட்டா அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் நடந்த இரத்தச் சுத்திகரிப்புக்கு நிறுவனத்தின் காப்புறுதிதான் பணம் கட்டியது. அந்த வயதில், பதுளையில், வேறு எங்கே போவார்? தடுப்புக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் ஒரே கூட்டில்தான் இருந்தோம்.

அவர் தினமும் என் கதவைத் தாண்டித்தான் தன் மூலைக்குப் போகவேண்டும். நின்று, "வணக்கம் கௌரி, இன்னைக்கி என்ன வேலைங்க?" என்று கேட்பார். அதில் குத்தல் எதுவும் இருந்ததில்லை. கொடுத்த வேலையை மாலைக்குள் முடித்துத் தருவார்.

அடுத்த வருடம் பட்டியல் என் முறை. சார் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"என் பேர போட்டுருங்க கௌரி. ஏற்கெனவே நான் இருக்கிற எடந்தானே."

"அக்காவோட வைத்தியம் என்ன ஆகிறது சார்?"

"அத நான் பாத்துக்கிறேன். வெளியில இருக்கிற அஞ்சு பேருல ஒருத்தர எழுதுனீங்கன்னா, நாளைக்கி எப்படி இந்தக் கதவத் தெறந்து வெளிய வருவீங்க?"

நான் அவர் பெயரை எழுதவில்லை. என் பெயரை எழுதி அனுப்பினேன். அதைத் துணிவு என்று சொல்லமாட்டேன். வேறு பெயரை எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. "பதுளையில எல்லாருக்கும் ஒரே நோயா? சரி, நாங்களே போட்டுக்கிறோம்." அந்தக் கிழமையே சாருக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. நான் எழுத மறுத்த பெயரை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து, அம்மாவுக்கு மருந்து எடுக்க பதுளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீரகப் பகுதியின் வெளியே நீளமான வரிசை. ரீட்டா அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு சார் அதன் முடிவில் நின்றார். பக்கத்தில் போனேன். அவர்தான் பேசினார். "மொகத்த ஏன் அப்படி வச்சிருக்கீங்க? இங்கயும் கடைசியிலதான் நிக்கிறேன். ஆனா கடைசி ஆளையும் பாத்துட்டுத்தான் டொக்டர் எந்திரிப்பாரு. உங்க ஆபீஸுக்கு இவர ஆலோசனை சொல்லக் கூப்புடுங்க." ரீட்டா அக்கா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

நல்லடக்கத்தில் பரமேஸ் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். திரும்பி வரும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, இந்த வருஷம் யாரு?" தரவரிசைக்குப் புதிய விதி வந்துவிட்டது. இனிமேல் மேனேஜர்கள் தங்கள் பெயரைக் கடைசியில் எழுத முடியாது. நாடு முழுவதும் உள்ள எல்லாக் கிளைகளுக்கும் அந்த விதிதான். ஏன் வந்தது என்று மற்றக் கிளைக்காரர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். இருந்த ஒரு வாசலையும் அடைத்துவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு நான் ரீட்டா அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்: "சார் அன்னைக்கு அப்படி எழுதினதுக்கு உங்களுக்குக் கோபம் இல்லையா அக்கா?"

"இருந்துச்சும்மா. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வாரம் பூரா அவரு சோத்தப் பெசஞ்சு வச்சிட்டு எந்திரிச்சுப் போவாரு. எழுதிக் குடுத்துட்டு வந்த அன்னைக்கித்தான் ஒழுங்காச் சாப்பிட்டாரு. இன்னுங் கொஞ்சம் போடு ரீட்டான்னு தட்ட நீட்டுனாரு. அதப் பாத்தப்புறம் நான் என்னத்தச் சண்ட புடிக்கிறது?"

நான் இன்னும் அதே அறையில், அதே நாற்காலியில் இருக்கிறேன். பட்டியலைக் கேட்டு இரண்டாவது தடவையும் செய்தி வந்துவிட்டது. என்ன செய்யப்போகிறேன் என்று இங்கே எழுத முடியாது, இதைத் தலைமையகத்தாரும் வாசிப்பார்கள். சார் ஜெயித்தார் என்று சொல்லி உங்களை ஆறுதல்படுத்தவும் எனக்கு வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான். ஒரு மனிதர் தன் வேலையைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, பசிக்கிறது என்று தட்டை நீட்டினார். இந்த நாட்களில் நானும் இரவுச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அந்தப் பசி எனக்கும் ஒருநாள் வரவேண்டும்.